கட்டைப் படிக்காத வக்கீல் யாருக்கு வேண்டும்?

சிறையில் இருப்பவருக்கு அரசு ஒரு வக்கீலைக் கொடுத்தால் கடமை முடிந்தது, அந்த வக்கீல் வழக்கைத் தயாரிக்கத் தனியாகப் பணம் ஒதுக்குவது வரிப்பணத்தை வீணடிப்பது என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வாதிட்டிருக்கிறது. தூக்குத் தண்டனை, ஆயுள் தண்டனை போன்ற சிக்கலான வழக்குகளில் சட்ட உதவி வக்கீல்களுக்குக் கூடுதல் தயாரிப்பு நிதி தர வேண்டும் என்ற கோரிக்கையை அது குற்றவாளிகளுக்குச் செய்யும் உபசாரமாகச் சித்திரிக்கிறது. சட்ட உதவி வழக்குகளை நடத்திவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கட்டுரையில் நியாயம் இல்லை, சட்டம் இல்லை. வழக்கு எப்படி நடக்கிறது என்ற அறிவும் இல்லை. இந்த மூன்றாவது குறைதான் மற்ற இரண்டுக்கும் காரணம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வக்கீல் என்பவர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசுகிறவர், பேசுவதற்குக் கட்டணம் கொடுத்துவிட்டால் போதும் என்று கட்டுரையாளர் நினைக்கிறார். ஒரு கொலை வழக்கின் ஆவணக் கட்டை அவர் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார். முதல் தகவல் அறிக்கை, காவல் துறையிடம் சாட்சிகள் தந்த வாக்குமூலங்கள், பார்வை மகஜர், மாதிரி வரைபடம், பிரேதப் பரிசோதனை அறிக்கை, தடய அறிவியல் அறிக்கை, செல்போன் அழைப்பு விவரம், கேமரா பதிவு என்று சாதாரண வழக்கிலேயே சில நூறு பக்கம் வரும். மூன்று நான்கு எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) இருந்தால் ஆயிரத்தைத் தாண்டும். இதில் எந்தக் காகிதம் எந்தக் காகிதத்தோடு முரண்படுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வக்கீலின் வேலை. அந்த வேலை வீட்டில், இரவில், பல நாள் நடக்கிறது. நீதிமன்றத்தில் தெரிவது அதன் கடைசி அரைமணி நேரம்.

நம் ஊர் வழக்குகளில் அடிக்கடி வரும் ஒரு சாட்சியை எடுத்துக்கொள்கிறேன். எதிரி தானே கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அவர் அதை எழுதி வாங்கி எதிரியையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார் என்று காவல் துறை சொல்லும். தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் பழகிய வக்கீல் யாருக்கும் இது புதிதல்ல. இந்தச் சாட்சியை உடைக்க வேண்டுமானால் அந்த அலுவலரின் கிராமம் எது, எதிரியின் ஊரிலிருந்து எவ்வளவு தொலைவு, முன்பின் அறிமுகம் உண்டா, அன்றைக்கு அவர் அலுவலகத்தில் இருந்தாரா, ஒப்புதல் எழுதிய காகிதம் நடுவர் நீதிமன்றத்துக்கு எந்த நாள் எந்த நேரம் போய்ச் சேர்ந்தது, எதிரியைக் காவல் துறை அதற்கு முன்பே பிடித்து வைத்திருந்ததை ஊரில் யாராவது பார்த்தார்களா என்பதெல்லாம் தெரிய வேண்டும். இவற்றில் பாதி கட்டுக்குள் இருக்கும். மீதி ஊருக்குப் போனால்தான் கிடைக்கும்.

கட்டைப் படிக்க நேரமும் ஊருக்குப் போகப் பணமும் இல்லாத வக்கீல் என்ன செய்வார்? எழுந்து நின்று, "நீங்கள் சொல்வது பொய் என்கிறேன்" என்பார். சாட்சி மறுப்பார். "பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல" என்று நீதிமன்றம் பதிவு செய்யும். சட்ட உதவி வழக்குகளின் மேல்முறையீட்டில் சாட்சியத் தாள்களைப் புரட்டினால் பல இடங்களில் குறுக்கு விசாரணை என்று இருப்பது இந்த ஒரு வரிதான். ஒரு சாட்சி, ஒரு "சரியல்ல". அடுத்த சாட்சி, இன்னொரு "சரியல்ல". அதன் பின்னால் ஒரு மனிதனின் ஆயுள் முழுவதும் போயிருக்கும். உயர் நீதிமன்றத்தில் எவ்வளவு பெரிய மூத்த வக்கீல் வந்து நின்றாலும், விசாரணையில் கேட்காமல் விட்ட கேள்வியை மேல்முறையீட்டில் கேட்க முடியாது. தயாரிப்புக்கான பணத்தை விசாரணைக் கட்டத்திலேயே கொடுங்கள் என்று நாங்கள் கேட்பதற்கு இதுதான் காரணம்.

இனி சட்டம். கூடுதல் தயாரிப்பு என்பது இப்போது சில தன்னார்வலர்கள் கிளப்பிவிட்ட புதுக் கோரிக்கை என்று கட்டுரையாளர் எழுதுகிறார். இது புதிதல்ல. 1968-லேயே பஷீரா வழக்கில், விசாரணை தொடங்கும் அன்றைக்கே வக்கீலை நியமித்து அன்றைக்கே சாட்சிகளை விசாரித்தது செல்லாது என்று கூறி, உச்ச நீதிமன்றம் தூக்குத் தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. 1973-ல் ரஞ்சோட் மாத்தூர் வசாவா வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இன்னும் தெளிவாகச் சொன்னார்: சிக்கலான வழக்கைக் கையாளும் திறமையுள்ள வக்கீலை நியமிக்க வேண்டும், தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஆதரவு காட்டும் வாய்ப்பாக இதை ஆக்கக் கூடாது, போதிய நேரமும் முழுமையான ஆவணங்களும் தர வேண்டும் என்றார். ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. நாங்கள் இன்றைக்குக் கேட்பதில் அந்தத் தீர்ப்பில் இல்லாதது எதுவும் இல்லை.

1976-ல் அரசியலமைப்பில் இலவச சட்ட உதவி பற்றிய 39ஏ பிரிவு வந்தது. 1978-ல் ஹோஸ்காட் வழக்கு, இலவச வக்கீலுக்கு அரசே நியாயமான தொகை தர வேண்டும் என்றது. 1980-ல், பாகல்பூரில் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய கொடுமை பற்றிய காத்ரி வழக்கில், நிதி இல்லை என்பதைக் காரணம் காட்டி இலவச சட்ட உதவியிலிருந்து அரசு தப்பிக்க முடியாது என்று நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ம் பிரிவின்படி, காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமலே சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. கட்டுரையாளர் சலுகை என்று எழுதுவதைச் சட்டம் உரிமை என்று எழுதி வைத்திருக்கிறது. உரிமையை மறுக்க விரும்புகிறவர் அரசியலமைப்பைத் திருத்தச் சொல்லிப் போராடட்டும். அதை விட்டுவிட்டு, உரிமை இருக்கட்டும், அதைச் செயல்படுத்தப் பணம் மட்டும் வேண்டாம் என்பது நேர்மையான வாதம் அல்ல.

நல்ல வக்கீலுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படாது, வேகமாக முடித்தால்தான் பாதிக்கப்பட்டவருக்கு நீதி என்றும் கட்டுரை சொல்கிறது. வேகத்தின் விலை என்ன என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வாவைப் பார்க்கலாம். 2013 ஜனவரியில் ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். பிப்ரவரி 19 அன்று எதிரிக்குச் சட்ட உதவி வக்கீல் நியமிக்கப்பட்டார். அன்றைக்கே குற்றச்சாட்டு வனையப்பட்டது. மார்ச் 4 அன்று தண்டனைத் தீர்ப்பு. பதின்மூன்றே நாள். அந்தத் தூக்குத் தண்டனையை உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2019 டிசம்பரில், அனோகிலால் வழக்கு என்று நாம் அறியும் தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆயுள் அல்லது மரண தண்டனை வரக்கூடிய வழக்குகளில் குறைந்தது பத்தாண்டு அனுபவமுள்ள வக்கீலையே நியமிக்க வேண்டும், தயாரிப்புக்குக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும், வக்கீல் எதிரியைச் சந்தித்துப் பேச வழி செய்ய வேண்டும் என்றும் நெறிகளை வகுத்தது. மறுவிசாரணைகளுக்குப் பிறகு 2024 மார்ச்சில் கண்ட்வா நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பதின்மூன்று நாளில் முடித்த வேகத்துக்கு அவர் கொடுத்த விலை பதினோரு ஆண்டு. அந்தச் சிறுமியின் வீட்டுக்குக் கிடைத்த நீதி என்ன? கட்டுரையாளர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

வட நாட்டுக் கதை என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். 2017 பிப்ரவரியில் சென்னை முகலிவாக்கத்தில் ஒரு சிறுமி கொல்லப்பட்டபோது தமிழ்நாடே கொதித்தது. நானும் கொதித்தேன். வழக்கில் எதிரிக்குக் குற்றச்சாட்டு வனையப்பட்டபோது அவர் பக்கம் வக்கீல் இல்லை. சட்ட உதவி வக்கீல் பிறகு டிசம்பரில்தான் நியமிக்கப்பட்டார். அடுத்த சில நாட்களிலேயே சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. முப்பது சாட்சிகளை இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடித்து, 2018 பிப்ரவரி 19 அன்று குற்றவாளி என்ற தீர்ப்பும் தூக்குத் தண்டனையும் ஒரே நாளில் வழங்கப்பட்டன. உயர் நீதிமன்றம் சில மாதங்களில் உறுதி செய்தது. எல்லோரும் பாராட்டினோம். 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் எதிரியை விடுதலை செய்தது. நியாயமான விசாரணை நடக்கவில்லை என்றது. கேமரா பதிவும் மரபணுச் சான்றும் முறைப்படி மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. எட்டு ஆண்டு கடந்துவிட்டதால் மறுவிசாரணைக்கு அனுப்புவதிலும் பயனில்லை என்று முடித்தது.

அந்தத் தீர்ப்பு வந்த அன்று நீதிமன்றத்தைத் திட்டியவர்கள் ஒன்றை யோசித்திருக்க வேண்டும். 2017 டிசம்பரில், தயாராக வந்த ஒரு வக்கீல், கேமரா பதிவுக்குச் சட்டம் கேட்கும் சான்றிதழ் எங்கே என்று விசாரணை நீதிமன்றத்திலேயே கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓட்டையை அடைக்க வேண்டிய கட்டாயம் அரசுத் தரப்புக்கு அன்றைக்கே வந்திருக்கும். அடைக்க முடிந்திருந்தால் தண்டனை உச்ச நீதிமன்றம் வரை நின்றிருக்கும். அடைக்க முடியாமல் போயிருந்தால், வேறு சான்றைத் தேட அப்போதாவது காலம் இருந்திருக்கும். இரண்டில் எது நடந்திருந்தாலும் அந்தப் பெற்றோர் எட்டு ஆண்டு கழித்து வெறுங்கையோடு நின்றிருக்க மாட்டார்கள். தயாரிப்புள்ள எதிர்த்தரப்பு வக்கீல் அரசுத் தரப்பையும் ஒழுங்காக வேலை செய்ய வைக்கிறார். காவல் துறை அரைகுறையாகச் செய்த வேலையை ஒரு நீதிமன்றமாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால், முதலில் சோதிக்க வேண்டியவர் அவர்தான். பாதிக்கப்பட்டவர்களின் பெயரைச் சொல்லி அந்த வக்கீலின் தயாரிப்பு நிதியை மறுப்பவர்கள், பாதிக்கப்பட்டவர்களுக்குத்தான் பெரிய தீங்கு செய்கிறார்கள்.

கட்டுரையில் என்னை மிகவும் கோபப்படுத்திய பகுதி, கைதியின் குடும்பப் பின்னணி, மனநலம், படிப்பு, வயது ஆகியவற்றை விசாரித்துத் திரட்டும் வேலையை அழுகைக் கதை என்று ஒதுக்கும் பத்தி. செய்தவனுக்கு எதற்கு வாழ்க்கை வரலாறு என்று கேட்கிறார்.

பதிலுக்கு ஒரு வழக்கு. 1994-ல் புனேயில் ஒரு வீட்டில் ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். கொடூரத்திலும் கொடூரம். பிடிபட்டவர்களில் ஒருவரை வயது வந்தவர் என்று காவல் துறை எழுதியது. வேலை தேடி வந்த வெளி மாநிலத்து ஏழை. வயதை யாரும் சந்தேகிக்கவில்லை. சந்தேகித்து ராஜஸ்தானுக்கு ஆள் அனுப்ப யாரிடமும் பணமும் இல்லை. 1998-ல் தூக்குத் தண்டனை. 2000-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பல ஆண்டுகள் கழித்து, அவருடைய ஊரான பிகானேர் மாவட்டத்து ஜலப்சர் கிராமத்துப் பள்ளிப் பதிவேடு நீதிமன்றத்துக்கு வந்தது. அதில் பிறந்த தேதி இருந்தது. உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு உத்தரவிட்டது, புனே மாவட்ட நீதிபதி ஆராய்ந்து அறிக்கை தந்தார். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது: குற்றம் நடந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது ஆறு மாதம். சிறுவர் சட்டத்தின்படி அவரை அதிகபட்சமாக மூன்று ஆண்டுதான் வைத்திருக்க முடியும். அவர் சிறையில் இருந்தது 28 ஆண்டுக்கும் மேல். அதில் பெரும்பகுதி தூக்குக்காகக் காத்திருந்த காலம்.

கிராமப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி. தலைமை ஆசிரியர் கையெழுத்திட்டு ஒரு நகல். அதைத் தேடிப் போகும் ரயில் கட்டணத்தையும், அந்த ஊர் மொழி தெரிந்த ஒருவருக்கான கூலியையும்தான் தயாரிப்பு நிதி என்கிறோம். அந்தச் சிறு தொகை 1990-களில் ஒரு சட்ட உதவி வக்கீலின் கையில் இருந்திருந்தால், இந்த நாடு ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தூக்குத் தண்டனை விதித்த பாவத்தைச் செய்திருக்காது. இதை அழுகைக் கதை என்று எழுத எப்படி மனம் வருகிறது?

கடலூர் மாவட்டத்தில் 2009-ல் ஏழு வயதுச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கும் இங்கே சொல்லப்பட வேண்டியது. மூன்று நீதிமன்றங்களும் தூக்குத் தண்டனையை ஏற்றன. கைதி எப்படி வளர்ந்தார், திருந்தக்கூடியவரா என்று எந்த நீதிமன்றமும் உருப்படியாக விசாரிக்கவில்லை. சீராய்வு மனு திறந்த நீதிமன்றத்தில் மீண்டும் விசாரிக்கப்பட்டபோதுதான் அவருடைய சிறை வாழ்க்கை பற்றிய ஆவணங்கள் வெளிவந்தன. சிறைக்குள்ளேயே உணவு தயாரிப்பில் டிப்ளமோ முடித்திருந்தார். 2023 மார்ச்சில், குற்றத்தை உறுதி செய்த அதே கையோடு, தூக்கை, குறைப்பின்றிக் குறைந்தது 20 ஆண்டு சிறையில் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனையாக உச்ச நீதிமன்றம் மாற்றியது. சிறையில் அவர் நடத்தை பற்றிய விவரத்தைப் பிரமாணப் பத்திரத்தில் மறைத்ததற்காக, கம்மாபுரம் காவல் ஆய்வாளர் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று நோட்டீசும் அனுப்பியது. கவனியுங்கள், அரசுத் தரப்பு தானாக அந்த விவரத்தைத் தரவில்லை, மறைத்தது. கைதியின் பக்கம் தேடுவதற்கு ஆள் இல்லையென்றால் அது மறைந்தே போயிருக்கும்.

1980-ன் பச்சன் சிங் தீர்ப்பிலிருந்தே, தூக்கு விதிக்கும் முன் குற்றவாளி திருந்த வாய்ப்பு உண்டா என்று நீதிமன்றம் பார்த்தாக வேண்டும். 2022-ல் மனோஜ் வழக்கில், இந்த விவரங்களை விசாரணைக் கட்டத்திலேயே திரட்ட வேண்டும், மனநல மதிப்பீடும் சிறை அறிக்கையும் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. மனநல மருத்துவர் ஒருவர் சிறைக்குப் போய்க் கைதியோடு பல அமர்வு பேசி அறிக்கை எழுத வேண்டும். யாராவது அந்தக் கைதியின் ஊருக்குப் போய்த் தாயை, வாத்தியாரை, பழைய முதலாளியைச் சந்திக்க வேண்டும். இதற்கெல்லாம் யார் பணம் கொடுப்பது? நேரம் தருகிறோம் என்று தீர்ப்புகள் சொல்கின்றன, பணம் தருகிறோம் என்று எந்த அரசும் சொல்லி நான் பார்த்ததில்லை. பணமில்லாத ஏழு நாள் அவகாசத்தில் வக்கீல் கட்டைப் படிக்கலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது.

டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட மரண தண்டனை அறிக்கை, நாட்டின் தூக்குக் கைதிகளில் 74.1 சதவீதம் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று பதிவு செய்தது. உயர் நீதிமன்றத்தில் தங்களுக்காக வாதாடிய வக்கீலை ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை என்று அதில் சொன்னவர்கள் 68.4 சதவீதம். தன் உயிருக்காக வாதாடியவரின் முகம் தெரியாது. ஏன் சந்திக்கவில்லை? வக்கீல்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்பதாலா? சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு, கைதி கோவையிலோ கடலூரிலோ மத்திய சிறையில். போக ஒரு நாள், மனு போட்டுக் காத்திருந்து பார்க்க ஒரு பொழுது, திரும்ப ஒரு நாள். அன்றைய மற்ற வழக்குகளை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். ஒரு வழக்குக்கு மொத்தமாக ஒரு தொகை என்று நிர்ணயித்துவிட்டால், கைக்காசு போட்டுப் போகிறவர் போவார், மற்றவர் போக மாட்டார். போகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களின் நல்ல மனத்தை நம்பி ஒரு நாட்டின் நீதி நடக்கக் கூடாது.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். அரசுத் தரப்புக்கு ஒரு காவல் நிலையம் முழுவதும் இருக்கிறது. பெரிய வழக்கென்றால் தனிப்படை, தடய அறிவியல் துறை, அரசு மருத்துவர்கள், சைபர் பிரிவு, சிறப்பு அரசு வழக்கறிஞர். இவர்களின் பயணச் செலவை யாரும் வீண் செலவு என்று எழுதவில்லை. எழுதவும் கூடாது. ஆனால் அதே வழக்கில் மறுபக்கம் ஒற்றை ஆளாக நிற்பவரின் பேருந்துக் கட்டணம் மட்டும் கட்டுரையாளரின் கண்ணை உறுத்துகிறது.

கஜானாவை வக்கீல்கள் காலி செய்துவிடுவார்கள் என்பது அவருடைய அடுத்த பயம். இந்திய நீதி அறிக்கை 2025-ன்படி, சட்ட உதவிக்கு இந்த நாடு தலைக்கு ஆண்டொன்றுக்குச் செலவிடுவது 6 ரூபாய் 46 காசு. டீக்கடையில் ஒரு டீக்குக்கூட இது போதாது. அந்த 6 ரூபாயில்தான் சிவில் தகராறு, குடும்ப வழக்கு, லோக் அதாலத், விழிப்புணர்வு முகாம், சிறைக் கைதிகளின் வழக்கு எல்லாம் நடக்கின்றன. 2022 கணக்கின்படி நம் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர், அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். காலியாக இருக்கும் கஜானாவைக் கொள்ளையடிக்க வருகிறார்கள் என்று கூச்சல் போடுவது பொறுப்பற்ற செயல்.

பொய்க்கணக்கு எழுதுகிறவர்கள் எந்தத் தொழிலிலும் உண்டு, எங்கள் தொழிலிலும் உண்டு. அதற்கு மருந்து கணக்குக் கேட்பது. எந்த நாள் சிறைக்குப் போனார், யாரைச் சந்தித்தார், எந்த நிபுணரிடம் அறிக்கை பெற்றார், எத்தனை பக்கம் படித்தார் என்று வக்கீல் பட்டியல் தரட்டும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு சரிபார்த்துப் பணம் தரட்டும். இங்கிலாந்தில் சிறைவாசிகளின் வழக்குகளுக்கு இப்படித்தான் செய்கிறார்கள். சாதாரண வழக்குக்கு நிலைக் கட்டணம். மணிக்கணக்கில் பார்த்தால் அந்தக் கட்டணத்தைப் போல் மூன்று மடங்கைத் தாண்டும் அளவுக்கு வேலை இருந்தது என்று கணக்குக் காட்டி நிரூபித்தால், முழு வேலைக்கும் மணிக்கணக்கில் பணம். எந்த நாட்டிலும் இல்லாத கோரிக்கை என்று கட்டுரையாளர் எழுதியது உண்மைக்கு மாறானது. அந்த நாட்டு அரசும் 2013-ல் கைதிகளுக்கான சட்ட உதவியில் கை வைத்தது. ஹோவர்ட் லீக் அமைப்பும் கைதிகள் ஆலோசனை மையமும் வழக்குப் போட்டன. 2017 ஏப்ரலில், மனநலம் குன்றியவர்களும் கற்றல் குறைபாடு உள்ளவர்களும் வக்கீல் இல்லாமல் தங்கள் பக்கத்தைச் சொல்ல இயலாது என்பதை ஏற்று, மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று வகை வழக்குகளில் அந்த வெட்டு சட்டவிரோதம் என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-லேயே, மனநிலை கேள்விக்குரியதாகும் வழக்கில் ஏழைக்கு மனநல மருத்துவரின் உதவியை அரசு தர வேண்டும் என்று ஏக் வழக்கில் சொல்லிவிட்டது.

2022 முதல் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் மாவட்டங்களில் முழுநேரச் சட்ட உதவிப் பாதுகாப்பு வக்கீல்களை நியமித்துவருகிறது. நல்ல தொடக்கம், வரவேற்கிறேன். ஆனால் அவர்கள் ஒப்பந்த அடிப்படையில் தொகுப்பூதியம் பெறுகிறவர்கள். முழு மாவட்டத்தின் வழக்குகளும் அவர்கள் தலையில். ஒரு தூக்கு வழக்குக்காக வாரக்கணக்கில் வேறு வேலையை விட்டுவிட அவர்களால் முடியாது. அந்தத் திட்டம் இருக்கிறதே, தனி நிதி எதற்கு என்ற கேள்விக்கு இதுவே பதில்.

மும்பைத் தாக்குதல் வழக்கின் கசாப்புக்கு வக்கீலும் பிரியாணியும் கொடுத்த நாடு இது என்று கட்டுரை முடிகிறது. சிறையில் கசாப் பிரியாணி கேட்டதுமில்லை, அவருக்கு யாரும் கொடுத்ததுமில்லை. அவர் மீது எழுந்த அனுதாபத்தை உடைக்கத் தான் இட்டுக்கட்டிய கதை அது என்று, அந்த வழக்கின் சிறப்பு அரசு வழக்கறிஞர் உஜ்வல் நிகம் 2015-ல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இத்தனை ஆண்டு கழித்தும் அந்தப் பொய்யை ஆதாரமாக வைத்து ஏழைக் கைதிகளின் உரிமைக்கு எதிராக எழுதுவது வெட்கப்பட வேண்டியது. வக்கீல் கொடுத்தது உண்மை. உச்ச நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர் ராஜு ராமச்சந்திரன் நீதிமன்ற நியமனத்தில் அவருக்காக வாதாடினார். அவருக்கு எதிரான சான்றுகள் திறமையான எதிர்வாதத்தைத் தாங்கி நின்றன. அதனால்தான் 2012 தீர்ப்பு உறுதியாக நிற்கிறது. கட்டுரையாளர் தனக்குச் சாதகம் என்று எடுத்த உதாரணம், அவர் வாதத்தை அடியோடு தகர்க்கிறது. மும்பையில் 166 பேரைக் கொன்ற தாக்குதலில் ஈடுபட்டவருக்கு முறையான தயாரிப்போடு வக்கீல் வைத்த நாடு, வேலை தேடி வந்து வழக்கில் மாட்டிய கூலித் தொழிலாளிக்கு அதை ஏன் மறுக்க வேண்டும்?

தமிழ்நாடு மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அரசுக்கும் என் கோரிக்கை வெளிப்படையானது. தூக்கு அல்லது ஆயுள் தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளுக்கும், மனநலம் குன்றிய கைதிகளின் வழக்குகளுக்கும், வயது பற்றிய ஐயம் உள்ள வழக்குகளுக்கும் தனித் தலைப்பில் தயாரிப்பு நிதி ஒதுக்குங்கள். சிறைச் சந்திப்பு, களப் பயணம், மொழிபெயர்ப்பாளர், தடயவியல் நிபுணர், மனநல மதிப்பீடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் விகிதம் நிர்ணயித்து, கணக்குக் கேட்டு, குற்றச்சாட்டு வனையும் முன்பே கொடுக்கத் தொடங்குங்கள். கட்டுரையாளருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் அமர்வு நீதிமன்றத்தில், சட்ட உதவி வக்கீல் நடத்தும் ஒரு கொலை வழக்கின் குறுக்கு விசாரணையை ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். திறந்த நீதிமன்றம்தான், யாரும் தடுக்க மாட்டார்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.